சந்து வழியாகப் போன கரகம்

“சார், வர்ற ஞாயித்துக்கிழமை கரகம் வருது” என்றார் சிட்டிபாபு.

1985ஆம் வருடத்து ஆடி மாதம் அது. சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் போகும் வாய்க்கால் ஓரமாக நாங்கள் வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் அப்பா லாசரஸ், தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சிட்டிபாபு இந்த ஊரின் பழைய குடும்பத்துக்காரர், எங்களுக்கு மனை விற்றவர். வராந்தாவில் ஒயர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“வரட்டுமே. தெருவில போறதுக்கு எங்களை எதுக்குக் கேக்கணும்?” என்றார் அப்பா.

“தெருவுல போனா கேக்க மாட்டேன் சார். உங்க வூட்டு உள்ள வரணும்.”

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“உள்ளன்னா ஹாலுக்கு இல்ல. இந்த சைடு சந்துல நொழைஞ்சி, பின்னால போயி, வாய்க்கா பக்கம் எறங்கணும்.”

“பின்னால காம்பவுண்டு சுவர்தானே இருக்கு?”

“அதான் சார் பேஜாரே.”

“போன வருஷம் எப்படிப் போனீங்க?”

சிட்டிபாபு சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “போன வருசம் நீங்கல்லாம் சர்ச்சுக்குப் போயிருந்தீங்க. ஏணி போட்டுத் தாண்டிட்டோம்.”

“எங்க சுவரையா? ஏறிக் குதிச்சீங்களா?”

“குதிக்கல சார். கரகத்த தலைல வெச்சிக்கினு யாருனா குதிப்பாங்களா? இந்தப் பக்கம் ஒரு ஏணி, அந்தப் பக்கம் ஒரு ஏணி. ரெண்டு பேரு என் இடுப்பப் புடிச்சிக்கினாங்க.”

உள்ளேயிருந்து அம்மா வந்தார். “அப்போ என் மல்லிச் செடிய மிதிச்சது நீங்கதானா? நான் மாடுன்னு நெனச்சு எதிர்வீட்டோட சண்டைக்குப் போனேனே!”

“மாடு இல்லக்கா. பம்பைக்காரன்.”

அப்பாவுக்குக் கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு வந்துவிடும். “என்னவே, வெளையாடுதீரா? நீர்தானே இந்த மனைய வித்தீரு? விக்கும்போது இப்படி ஒரு வழி இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீரா?”

“வழின்னு ஒண்ணு இருந்தாத்தானே சார் சொல்றது? இது வயலு. ஆடியில ஏரி காஞ்சி கெடக்கும், வயலும் கட்டாந்தரையா கெடக்கும். எங்க தாத்தா காலத்துலேர்ந்து குறுக்கால நடந்து போயிக்கினே இருப்போம். பிளான் போட வந்தவன், ‘இதுல பாதை எதுனா கீதா’ன்னு கேட்டான். இல்லன்னுட்டோம். நெசமாவே இல்லியே.”

அப்பா எழுந்து சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, “சரி, தெருவோட நேராப் போய் முனையில வாய்க்காலுக்கு இறங்கினா என்ன?” என்றார்.

“சும்மா ஊர்வலம் போறதா இருந்தா போவலாம் சார். இது எல்லை சுத்தறது. கரகம் சுத்தி வர்ற வளையத்துக்கு உள்ள கீறதுதான் ஊரு. நான் தெருவோட போயிட்டேன்னா உங்க வூடு ஊருக்கு வெளியே பூடும். ஊருக்குள்ள மனைன்னு சொல்லித்தானே உங்களுக்கு வித்தேன்?”

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. “அதெல்லாம் சரி. நாங்க கும்பிட மாட்டோம்.”

“கும்பிட வேணாங்க்கா. தொறந்து வுட்டா போதும்.”

“எதைத் திறக்கிறது? சுவரையா?”

“ஒரு சின்ன கேட்டு நான் வெச்சித் தரேன்.”

“ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு ஆராதனைக்குப் போயிடுவோம்” என்றார் அப்பா. “பதினோரு மணிக்குத்தான் திரும்புவோம். அதுக்குள்ள வந்து போயிடுங்க. செடிய மிதிக்கக்கூடாது.”

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே சிட்டிபாபுவின் கொத்தனார்கள் வந்து பின்சுவரை இடித்து இரும்புக் கதவு ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார்கள். ஒரு ஆள் மட்டும் நுழையும் அகலம்.

சிட்டிபாபுவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். எழுபதுகளின் கடைசியில் அவர் குடும்பம் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றது. அந்த மனைகளில் வீடு எழும்பத் தொடங்கியதும், வேளச்சேரி சாலை ஓரமாக மணல், ஜல்லி, செங்கல் விற்கும் கடை ஒன்றைப் போட்டார். எங்கள் வீட்டுச் செங்கல்லும் அவரிடம் வாங்கியதுதான். விற்ற நிலத்தின் மேலேயே மறுபடி வியாபாரம் செய்கிறார் என்று அப்பா கேலி செய்வார். சிட்டிபாபு அதை மறுத்ததில்லை.

விவசாயம் போனதில் அவருக்குத் துளியும் வருத்தம் கிடையாது. யாராவது புதிதாகக் குடிவந்தவர், அந்தக் காலத்தில் இங்கே பச்சைப் பசேலென்று இருந்திருக்குமே என்று ஆரம்பித்தால், “இருந்திச்சி. நீ ஒரு நாள் முழுக்க சேத்துல நின்னு பாரு. அட்டை கடிச்சா அப்பால பச்சையப் பத்திப் பேசலாம்” என்பார். தன் பெண்கள் இருவரையும் கான்வென்டில் படிக்கவைத்தார். வீட்டில் மொசைக் தரை போட்டார். தெருவில் முதலில் கலர் டிவி வாங்கியதும் அவர்தான். திருப்பதிக்கு ஒருமுறை போய்வந்து, கூட்டத்தில் நிற்க முடியவில்லை, இனிமேல் போக மாட்டேன் என்று அறிவித்தார். ஏரிக்கரையில் இருந்த கங்கையம்மன் கோயிலுக்கும் வெள்ளிக்கிழமைதோறும் போகிறவர் அல்ல. அதெல்லாம் அவர் மனைவி கிளியம்மாளின் வேலை.

ஆடியில் ஒரு வாரம் மட்டும் வேறு ஆள். கோயிலில் காப்பு கட்டுவார்கள். திருவிழாவுக்குப் பொறுப்பேற்பவர் கையில் கட்டும் மஞ்சள் கயிறுதான் காப்பு. அதைக் கட்டிக்கொண்டவர், கரகம் எல்லையைச் சுற்றி முடித்துக் கயிற்றை அவிழ்க்கும்வரை, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. மற்றவர்கள் இரவு வெளியூரில் தங்காமல் இருந்தால் போதும் என்று அதைத் தளர்த்திக்கொண்டார்கள். சிட்டிபாபு தளர்த்தவில்லை. அவர் கடை எல்லையின் கடைசியில் இருந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம் ராஜகீழ்ப்பாக்கம், அடுத்த ஊர். எதிர்ப்பக்கம் டீ குடிக்கும் லாரி டிரைவர்களோடு அவர் அந்த ஒரு வாரமும் சாலைக்கு இந்தப் பக்கம் நின்று கத்திக் கத்தித்தான் பேசுவார். “இன்னாண்ணா, கோடு போட்டுக் கீதா?” என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். “கீது. உன் கண்ணுக்குத் தெரியாது. டீய குட்ச்சிட்டு இங்க வா” என்பார்.

கரகம் தூக்குவது அவர் குடும்பத்து உரிமை. அவருடைய அப்பாவுக்குப் பிறகு அவருக்கு வந்தது. அதைப் பற்றி அவர் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. பேசியதெல்லாம் வழியைப் பற்றித்தான்.

கதவு வைத்த பிறகு முதல்முறை கரகம் எங்கள் சந்து வழியாகப் போன அன்று மதியம், கிளியம்மாள் ஒரு தூக்கு நிறையக் கூழும், தனியாகக் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தார். அம்மா வாங்கத் தயங்கினார். சாமிக்குப் படைத்ததை எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை. சொல்வதற்கும் சங்கடமாக இருந்தது. கிளியம்மாள் கண்டுகொண்டார். “இது கோயில் கூழு இல்ல சாராள்க்கா. எங்க வூட்டு அடுப்புல தனியா கிண்டினது. அவரு காலைலயே சொல்லிட்டாரு, ‘அவங்களுக்கு வேற பானை வை’ன்னு.” கேழ்வரகுக் கூழ் அம்மாவுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. கருவாட்டுக் குழம்பு பிடித்தது. அதற்குப் பிறகு வருடாவருடம் அந்தத் தூக்கு வந்தது.

இரண்டு பக்கமும் பேச்சு இல்லாமல் இல்லை. ஆயர் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது, உங்கள் வீட்டில் கரகம் வருகிறதாமே என்று மெதுவாகக் கேட்டார். “வீட்டுக்கு வரலை ஐயா, வீட்டைத் தாண்டிப் போகுது” என்றார் அப்பா. ஆயர் தேநீரைக் குடித்துவிட்டு வேறு விஷயம் பேசினார். கோயில் தரப்பில் சிட்டிபாபுவின் சித்தப்பா மகன் ஜெயவேலு இருந்தார். மாட்டுக்கறி வேகிற வீட்டுச் சந்தில் அம்மன் போகலாமா என்று அவர் கூட்டத்தில் கேட்டாராம். “அவங்க சட்டியில இன்னா வேவுதுன்னு அம்மனே கேக்கல, நீ ஏன்டா மோந்து பாக்குற?” என்று சிட்டிபாபு சொன்னதைக் கிளியம்மாள் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னார்.

கரகம் போவதை நான் ஒரே ஒருமுறைதான் நேரில் பார்த்தேன். காய்ச்சல் என்று என்னை வீட்டில் விட்டுவிட்டு மற்றவர்கள் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். பம்பைச் சத்தம் தெருமுனையில் கேட்டபோதே எழுந்து சமையலறை ஜன்னல் ஓரம் நின்றுகொண்டேன். சந்து குறுகல். அதனால் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். சிட்டிபாபு மஞ்சள் வேட்டியில் இருந்தார். தலையில் வேப்பிலையும் பூவும் சுற்றிய குடம். கண்கள் பாதி மூடியிருந்தன. அம்மா துணிக்கொடியை அவிழ்க்க மறந்துவிட்டிருந்தார். ஈரப் போர்வை ஒன்று வழியை மறித்துத் தொங்கியது. குடத்தில் கை வைக்காமல், கழுத்தை அசைக்காமல், முழங்காலை மட்டும் மெல்ல மடித்து அவர் அதன் அடியில் நுழைந்து எழுந்தார். அவர் ஜன்னலைத் தாண்டியபோது சாமி வந்த முகமாகத்தான் இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது சாதாரணக் குரல். “டேய், செடி, செடி” என்றார் பின்னால் வந்த பம்பைக்காரரிடம்.

தொண்ணூறுகள் தொடங்கியபோது ஊரில் வீடுகள் நெருங்கிவிட்டன. ஜெயவேலு கேபிள் டிவி நடத்தி ஆள் பலத்தோடு இருந்தார். திருவிழாவுக்கு சீரியல் லைட், மெல்லிசைக் கச்சேரி எல்லாம் வந்தன. அம்மனை டிராக்டரில் பூ அலங்காரம் செய்து மெயின் ரோடு வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் ஆசை.

“அம்மாவ சந்துல சந்துல இஸ்துக்கினு போறியேண்ணா. ரோட்டுல ராஜாத்தி மாதிரி போவட்டுமே” என்று ஒருநாள் எங்கள் வாசலில் வைத்தே கேட்டார்.

“ராஜாத்தின்னா அவ எடத்த அவ சுத்திப் பாக்க வேணாமா? ரோடு ஹைவேஸ்காரன்துடா” என்றார் சிட்டிபாபு.

கடைசியில் டிராக்டரும் போனது, கரகமும் தன் வழியில் போனது. டிராக்டர் பின்னால் கூட்டம் இருந்தது. கரகத்தின் பின்னால் வருடத்துக்கு வருடம் ஆட்கள் குறைந்தார்கள்.

1994இல் ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். அண்ணன் மஸ்கட்டில் இருந்தான். அவன் வந்து சேர வேண்டும் என்பதால் அடக்கம் செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று. வீட்டில் ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். நான் ஐஸ் பெட்டிக்குச் சொல்லவும், சபையாருக்குத் தகவல் அனுப்பவும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம், வேலியோரம், சிட்டிபாபு மஞ்சள் வேட்டியோடு நிற்பதைப் பார்த்தேன். தெருவைத் தாண்டி அவர் வரவில்லை. நெடுநேரம் நின்றார். பிறகு பார்த்தபோது இல்லை. கிளியம்மாளும் வரவில்லை. அம்மா அதை மனதில் வைத்துக்கொண்டார். “பத்து வருஷம் அவங்க சாமிக்கு வழி விட்டார். கடைசியா ஒரு தடவை முகத்தைப் பார்க்க உள்ள வரலையே” என்று அண்ணனிடம் சொன்னார்.

அன்று கரகம் புறப்படும் நாள். காலையில் பம்பைச் சத்தம் கேட்கவே இல்லை. இருந்த நிலையில் நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா அறையை விட்டு வெளியே வரவில்லை.

அதற்கு மறுநாள் சிட்டிபாபுவும் கிளியம்மாளும் வந்தார்கள். அவர் அப்பாவின் படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் கையில் கயிறு கட்டியிருந்த இடம் மஞ்சளாக இருந்தது. நடந்ததைக் கிளியம்மாள்தான் சொன்னார்.

ஊர் எல்லைக்குள் சாவு விழுந்தால், உடலை எடுக்கும்வரை கோயிலில் பம்பை அடிக்கக்கூடாது, கரகம் எடுக்கக்கூடாது. காப்பு கட்டியவரும் அவர் வீட்டாரும் சாவு வீட்டுக்குள் நுழையவும் கூடாது. அன்று காலை சிட்டிபாபு குளித்து, குடத்துக்கு வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுச் செய்தி போயிருக்கிறது. அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டார். பெரிய அண்டாக்களில் கூழ் தயாராக இருந்தது. கச்சேரிக்கு மேடை போட்டாயிற்று. வெளியூர் உறவுகள் எல்லாம் வந்திறங்கிவிட்டன.

“அவங்க அல்லேலூயாண்ணா. அவங்க சாவு நம்ம தீட்டுல சேராது. நீ எடு” என்றார் ஜெயவேலு.

“வருசா வருசம் அவங்க வூட்ட உள்ள வெச்சித்தானே சுத்தறோம்? சாவும்போது மட்டும் வெளியே தள்ளிடுவியா?”

“இவ்ளோ கூழு இன்னா ஆவறது? ஆர்க்கெஸ்ட்ரா இன்னா ஆவறது?”

“கூழ மாட்டுக்கு ஊத்து. ஆர்க்கெஸ்ட்ராவ உன் வூட்டு ஹால்ல வெச்சிக் கேளு.”

பெண்கள் திட்டினார்கள். வந்த உறவுகள் முகம் சுளித்துப் பஸ் ஏறினார்கள். படைக்காத கூழை மனிதர்கள் குடிக்கக்கூடாது என்பதால் அது உண்மையாகவே மாடுகளுக்குப் போனது. திருவிழா ஒரு வாரம் தள்ளிப் போயிற்று. அடுத்த கூட்டத்தில் கோயில் நிர்வாகம் ஜெயவேலு கைக்குப் போனது. கரகம் தூக்கும் உரிமையை மட்டும் யாரும் தொடவில்லை. அது பரம்பரை என்பதால் அல்ல, அதில் இப்போது கூட்டம் இல்லை என்பதால் என்றார் கிளியம்மாள்.

“நீங்க சொல்லியிருக்கலாமே” என்றார் அம்மா.

“இன்னாக்கா சொல்றது? நீங்களே அழுதுக்கினு கீறீங்க. உங்களால எங்க திருவிழா நின்னுபோச்சின்னு வந்து சொல்றதா?” என்றார் சிட்டிபாபு. அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

அதன் பிறகு அண்ணன் வீட்டை விற்கத் தீர்மானித்தான். அம்மாவுக்குத் தனியாகப் பராமரிக்க முடியவில்லை. நான் எழும்பூரில் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்திருந்தேன். ரயிலுக்கு வசதியாக மேற்குத் தாம்பரத்தில் ஒரு சிறிய வீட்டுக்குப் போனோம். மனையை வாங்கியவர் ஆறு வீடுகள் கொண்ட அடுக்குமாடி கட்டினார். செங்கல்லும் மணலும் சிட்டிபாபுவிடம்தான் எடுத்தார் என்பதால் பின்சுவரில் இருந்த கதவை எடுக்காமல் விட்டார். கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த வருடம் கரகம் சிமென்ட் தூண்களுக்கு நடுவே, சென்ட்ரிங் பலகைகளைத் தாண்டிப் போயிற்று என்று கேள்விப்பட்டேன்.

1998இல் அங்கே குடித்தனங்கள் வந்துவிட்டன. அந்த ஆடியில், புதன்கிழமை என்று நினைவு, நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது சிட்டிபாபு எங்கள் மேற்குத் தாம்பரம் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். காப்பு கட்டுவது வெள்ளிக்கிழமை. கட்டிவிட்டால் தாம்பரம்வரை வர முடியாது என்பதால் முன்னதாக வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. காபி ஆறிப் போய் எதிரே இருந்தது.

பின்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்றார். சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. அவர் டில்லியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். சிட்டிபாபு இரண்டு முறை போய்க் கேட்டிருக்கிறார். கார் நிற்கும் இடம், குழந்தைகள் இருக்கிறார்கள், பம்பை வேண்டாம், இது தனியார் இடம் என்று செயலாளர் பாதி ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்.

“ஜெயவேலு அங்கிள் என்ன சொல்றார்?” என்று கேட்டேன்.

“தெருவோட போயிடுன்றான். அவனுக்கு இன்னா? டிராக்டர் போனா போதும்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் தெருவோட போயிட்டா ஆறு குடும்பம் வெளியே நிக்கும்மா. வெளியே நிக்கறோம்னு அவங்களுக்குத் தெரியவும் தெரியாது.”

“கரகம் கிளம்பின பிறகு அங்க வந்து பூட்டியிருந்தா?”

“எடுத்த கரகம் திரும்பாது. பூட்டின கேட்டாண்ட நின்னுக்கினே இருக்கணும். இந்த வயசுல ஏணி ஏற முடியாது.”

“போலீஸ்ல, பஞ்சாயத்துல சொல்லிப் பார்க்கலாமே” என்றார் அம்மா.

“அவங்கள மெரட்டி உள்ள போறதுக்கு, போவாமயே இருக்கலாங்க்கா. அவங்க தொறக்கணும். நீங்க தொறந்தா மாதிரி.”

சிட்டிபாபு ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

“நாங்க இப்ப அங்க இல்லையே அங்கிள். நான் சொன்னா எப்படிக் கேட்பாங்க?” என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே.

“கேப்பாங்க. எங்க ஊர் வழக்கம்னு நான் சொன்னா, ஊரா, எந்த ஊருன்னு சுத்திப் பாக்குறாரு அந்தாளு. எதிர்க்க ஃபிளாட்டு, பக்கத்துல ஃபிளாட்டு, அவரு கண்ணுக்கு ஊரு எங்க தெரியும்? நீ சர்ச்சுக்குப் போற பொண்ணு. உனக்கு இதுல ஒண்ணும் இல்லன்னு அவருக்கே தெரியும். வர்ற ஞாயிறு வுட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிசம் வந்து, அந்தக் கேட்டாண்ட நின்னு, கரகத்துக்குத் தொறந்து வுடறது எங்க வூட்டு வழக்கம்னு மட்டும் அவராண்ட சொல்லும்மா. இங்கிலீஷ்லயே சொல்லு.”